பிள்ளைகள் பாட மறுத்த நாட்கள்

சின்ன வகுப்புக்குப் புதிதாகப் போகிற ஆசிரியர்கள் என்னைத் தேடி வந்தால் முதலில் கேட்பது, "எந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுக்கலாம் சார்?" என்றுதான். நான் ஆர்மோனியம் வைத்து வகுப்பு நடத்தியவன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லுவேன். ஆனால் அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. உங்களோடு சேர்ந்து ஒரு பிள்ளை எதற்காக வாய் திறக்க வேண்டும்? இது எனக்குப் புரிவதற்கு ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி என் கண்முன்னால் அடி வாங்க வேண்டியிருந்தது. அந்த அடியை ஒரே வார்த்தையால் நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் இதை உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில், வயலும் தோப்புமான ஊர் ஒன்றில் இருந்த மிஷன் ஆரம்பப் பள்ளிக்கு என்னைத் தலைமை ஆசிரியராகப் போட்டார்கள். கல்லூரிப் படிப்பு, ஆசிரியர் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைக் கோவிலில் ஆர்மோனியம் என்று எல்லாம் கைவசம் இருந்தன. வயது முப்பதைத் தொடவில்லை. பிள்ளைகளில் சபைக் குடும்பத்தவர்கள் பாதி, விவசாயக் குடும்பத்து இந்துப் பிள்ளைகள் பாதி. கொட்டாரத்தில் கடை வைத்திருந்த சாயபு வீட்டுப் பையன் சாகுல் ஒருவன்.

சின்ன வகுப்பு கிழக்கு அறையில். மணல் பரப்பிய தரை. அதை நடத்தியவர் என்னைவிட மூத்த ஒரு டீச்சரம்மா. அவர் 'அ' எழுத்தை "ஆனா" என்று இழுப்பார், பிள்ளைகள் "ஆனா" என்று திருப்பி இழுப்பார்கள். காலையிலேயே கொட்டாவி வரவழைக்கும் இழுவை. நான் வந்த முதல் மாதத்திலேயே அதை நிறுத்தினேன். குறிலுக்கு ஒரு கைத்தட்டு, நெடிலுக்கு இரண்டு. 'அ' என்றால் ஒரு தட்டு, 'ஆ' என்றால் இரண்டு. அதுவரை இரண்டும் ஒன்றுபோல் கேட்ட பிள்ளைகளுக்கு, கை போய் நிற்கிற இடம் வித்தியாசத்தைக் காட்டிக் கொடுத்தது. ஓரிரு வாரத்தில் வகுப்பின் முகமே மாறிவிட்டது. பள்ளிக்கு வர அழுத பிள்ளைகள் மணி அடிக்கும் முன்பே வாசலில் நின்று கைதட்டிக் கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. சாகுல்தான் கூட்டத்தில் எல்லாரையும்விட உரக்கப் பாடுவான். அவனை என் திறமைக்குச் சாட்சியாகவே நினைத்திருந்தேன். ஒருநாள் பள்ளி மானேஜர் வந்தபோது அவனைப் பலகைக்குக் கூப்பிட்டு, 'ஊ' எழுதிக் காட்டி, "இது என்ன?" என்றேன். அவன் அதை அப்படியும் இப்படியும் சாய்ந்து பார்த்துவிட்டு, "பாட்டுல இது எங்கன வருகு சாரே?" என்றான். முதலிலிருந்து பாடினால்தான் அவனுக்கு வரும், அதுவும் பக்கத்தில் இருக்கிறவன் வாய் அசைந்தால். எல்லாரும் சேர்ந்து போடும் சத்தத்துக்குள் ஒரு பிள்ளை ஒன்றும் தெரியாமல் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்கப் பழகினேன். இவ்வளவும் நல்ல கதை.

கைத்தட்டு வெற்றி பெற்றதும் எனக்கு ஆசை கூடியது. எழுத்துகளுக்கு ஒரு மெட்டு வேண்டும் என்று தோன்றியது. சின்னத் தொண்டைக்கு எட்டுகிற மெட்டாக இருக்க வேண்டும். மேலேயும் போகக்கூடாது, கீழேயும் இறங்கக்கூடாது. அவசரம் இல்லாத நடை வேண்டும். எங்கள் சபையில் பாடுகிற ஒரு பாட்டு இந்த எல்லாத் தேவைக்கும் பொருந்தியது. அதன் வார்த்தைகளை எடுத்துவிட்டு, உயிரெழுத்துகளை வைத்தேன். அளந்து தைத்ததுபோல் உட்கார்ந்தது.

டீச்சரம்மா அதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்தார். "சாரே, இது அடக்கத்துக்குப் பாடுகதுல்லா?"

"மெட்டுக்கு என்ன டீச்சர்? வார்த்தை இருந்தால்தானே அடக்கம், கலியாணம் எல்லாம்?" என்றேன். படித்தவன் பதில்.

அது சவ அடக்கத்தில் பாடும் பாட்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்களுக்கு அது ஒரு நம்பிக்கைப் பாட்டும்கூட, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாடுவோம். நான் அதைத் துக்கமாக நினைத்ததே இல்லை. சபைக்கு வெளியே இருப்பவர்கள் அந்த மெட்டை எங்கே கேட்டிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் நான் யோசித்திருக்க வேண்டும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருகிறவர்கள் இல்லை. பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால் வருவார்கள். பெட்டியின் பின்னால் கல்லறை வரைக்கும் நடப்பார்கள். அவர்கள் அதைக் கேட்டது அங்கே மட்டும்தான்.

நாகம்மை என்ற சிறுமி அந்த மெட்டை மற்ற யாரையும்விடச் சுத்தமாகப் பிடித்துக்கொண்டாள். ஆறுமுகம் என்ற விவசாயியின் மகள். பேச்சு குறைவு. ஆனால் பாட ஆரம்பித்தால் அந்தச் சிறிய உடம்பிலிருந்து வரும் குரல், கூட்டத்தை முன்னால் நின்று இழுத்துக்கொண்டு போகும். நான் ஆர்மோனியத்தை மூடிவிட்டு அவளையே பாடவிட்ட நாட்கள் உண்டு.

அவளுக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். பிறந்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டு, பால் குடிக்காமல் கிடந்தான். தாய்க்கும் உடம்பு சரியில்லை. வீட்டைக் கவனிக்க ஆறுமுகத்தின் அக்கா வந்திருந்தாள். ஒரு மாலையில் குழந்தை விடாமல் அழுதிருக்கிறது. அதை உறங்க வைக்க நாகம்மை தொட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததிலேயே அழகான பாட்டைப் பாடியிருக்கிறாள்.

மறுநாள் காலையில் ஆறுமுகமும் அவர் அக்காவும் நாகம்மையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார்கள். கூரை வேலை பார்க்க வந்த மானேஜரும் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

அக்காதான் முதலில் பேசினாள். "சாரே, புள்ள பாலு குடிக்காம கெடக்கு. வைத்தியரு இன்னும் ஒண்ணும் சொல்லல்ல. தொட்டிலுக்கடியில இருந்துக்கிட்டு இந்தச் சவம் பாடுகா பாருங்க, சாவுப்பாட்டு! ஒங்க ஆளுவ பெட்டி எடுத்துட்டுப் போகும்போ பாடுகதுல்லா? எனக்குக் குலையே நடுங்கிட்டு."

ஆறுமுகம் அவளைக் கையால் அமர்த்தினார். நிதானமான மனிதர். "சாரே, நீங்க படிப்பிச்சுத் தந்தியன்னு இவ சொல்லுகா. நான் நம்பல்ல. ஒரு வார்த்தை ஒங்க வாயால கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். உள்ளதா?"

அப்போது என் தலைக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். வேறு மதத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில் வேதம் கற்பிக்கிறார்கள் என்று ஒரு புகார் மேலே போனால் அரசாங்க உதவி நின்றுபோகும் என்ற பயம் எங்கள் பள்ளிகளுக்கு எப்போதும் உண்டு. மானேஜரின் மூச்சு என் காதருகில் கேட்டது. நான் வேதம் கற்பிக்கவில்லை. மெட்டைத்தான் எடுத்தேன். ஆனால் அதை விளக்க வேண்டும் என்றால் முதலில் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். அந்த முதல் வார்த்தை வரவில்லை.

"இல்லையே. எங்கேயாவது அடக்கத்தில் கேட்டிருப்பாள். பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்றும் சொல்லித் தருவதில்லை" என்றேன்.

ஆறுமுகத்தின் முகம் தெளிந்தது. அக்காவைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்லா?" என்றார். பிறகு மகளிடம் திரும்பி, "சாரு மேல பொய்யா சொல்லுக?" என்று கன்னத்தில் ஓர் அறை. இன்னொன்று.

நாகம்மை அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் அடுத்த எழுத்துக்காக அப்படித்தான் பார்ப்பாள்.

அவர்கள் போனதும் மானேஜர் என் தோளில் தட்டி, "நல்ல வேளை, ஒழுங்கா பதில் சொன்னீரு" என்றார்.

சின்ன வகுப்புக்கும் வாசலுக்கும் நடுவே இருந்தது இடுப்பளவுச் சுவர். அதன் மேலே வரிசையாகத் தலைகள். பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருந்தார்கள், கேட்டிருந்தார்கள்.

நாகம்மையை அதன் பிறகு பள்ளிக்கு அனுப்பவில்லை. நான் மெட்டை உடனே மாற்றினேன். வேடிக்கையான, துள்ளலான ஒன்றை நானே போட்டேன். ஆர்மோனியத்தில் வாசித்து, கையைத் தட்டி, "ம், பாடுங்க" என்றேன். பிள்ளைகள் கையைத் தட்டினார்கள். வாய் அசையவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். மறுநாளும் அதே கதை. என்னை எதிர்த்து நிற்கிற முறைப்பு எதுவும் அவர்கள் முகத்தில் இல்லை. சொன்னபடி உட்கார்ந்தார்கள், சொன்னபடி எழுந்தார்கள், மணலில் எழுதச் சொன்னால் எழுதினார்கள். பாடச் சொன்னால் மட்டும் உதடுகள் ஒட்டிக்கொண்டன. கருப்பட்டித் துண்டு கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகச் சப்பிச் சாப்பிட்டுவிட்டு அப்படியே இருந்தார்கள்.

ஒருநாள் பொறுமை போய், மேசையில் பிரம்பால் தட்டி, "என்னல ஆச்சு உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினேன். கடைசியில் சாகுல்தான் எழுந்தான். அவனுக்குப் பயம் என்பது எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

"பாடுனா, நீங்க சொல்லித் தரல்லன்னு சொல்லிருவியளே சாரே."

பிரம்பைக் கீழே வைத்தேன். அறையைவிட்டு வெளியே வந்தேன். டீச்சரம்மாவும் பின்னாலேயே வந்தார். அவர் என்னைக் குற்றம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "நானும் அன்னைக்கு அந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தான் நின்னேன் சாரே. உள்ளது எனக்கும் தெரியும். வாய் தொறக்கல்ல. எனக்கும் வேலை வேணும்லா" என்றார். பிறகு, "பிள்ளைகளுக்கு வேலை ஒண்ணும் இல்ல. அதனால அதுங்க வேற மாதிரி நடந்துக்கிடுகு" என்றார்.

நான் மானேஜரிடம் போனேன். பொய் சொன்னேன் என்பதையும், ஆறுமுகத்திடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்பதையும் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பள்ளிக்காக ஊர் ஊராக அலைந்தவர்.

"வேய், ஒரு பிள்ள ரெண்டு அடி வாங்குனதுக்கு, பள்ளிக்கூடத்தையே பூட்டப் போறீரா? மத்தப் பிள்ளையளு எங்க போவும்?"

"மற்றப் பிள்ளைகள்தான் இப்போது பாட மாட்டேன் என்கிறார்கள்."

"பாடாட்டா என்ன? பாடாமப் படிக்கட்டும்."

பள்ளி மூடப்பட்டால் அதற்கு நான்தான் காரணம். மூடப்படாவிட்டால், நம்மை நம்பி வாய் திறந்தால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட பிள்ளைகளை வைத்து அதை நடத்த வேண்டும். பணியில் இப்படிப்பட்ட இடங்கள் உங்களுக்கும் வரும். இரண்டு பக்கமும் நஷ்டம் இருக்கும். அப்போது நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள். நானும் மானேஜரும் சுமக்க வேண்டியதை அதுவரை ஆறு வயதுப் பிள்ளை ஒருத்தி சுமந்துகொண்டிருந்தாள். அதுவும் தம்பியைச் சாகடிக்கப் பார்த்தவள் என்ற பெயரோடு. நான் கிளம்பினேன். மானேஜர் தடுக்கவில்லை. "போறதுன்னா சட்டைய மாத்திட்டுப் போவும், வேர்த்துக் கெடக்கு" என்றார்.

ஆறுமுகத்தின் வீட்டு முற்றத்தில் இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்தார். என்னைக் கண்டதும் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்த மெட்டை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நாகம்மை பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்."

உலக்கைகள் நின்றன. ஆறுமுகம் மாட்டுத் தொழுவத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பாட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல்ல சாரே. தெரியாமச் செஞ்சிருப்பிய. ஆனா எம்புள்ளய அடிச்சேனே. ஒங்க முன்ன வச்சுல்லா அடிச்சேன். பாத்துக்கிட்டு நின்னியளே."

"நின்றேன்."

உள்ளேயிருந்து அக்கா வந்துவிட்டாள். "நாங்க எத்தன அடக்கத்துக்கு வந்திருக்கோம்! ஒங்க வீடுகள்ல சாவு விழுந்தா அடுப்பு எரியாதுன்னு கஞ்சி காச்சிக் குடுத்து விட்டிருக்கோம். எங்களுக்கு அந்தப் பாட்டுத் தெரியாதுன்னு நெனச்சியளா? சரி, அது கெடக்கு. ஒரு உள்ளதச் சொல்லதுக்கு இத்தன நாளா? எத்தன வருசம் சாரே படிச்சிய?"

ஆறுமுகம்தான், "விடு அக்கா, வந்துட்டாருல்லா" என்றார்.

புகார் எழுதுவாரா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். "புகாரு எழுதுனா எம்புள்ள பேசுவாளா? அன்னைக்கிருந்து வாயத் தொறக்கல்ல சாரே. தம்பி பக்கத்துல போகமாட்டேங்கா. தொட்டிலக் கண்டா ஓடுகா. இதெல்லாம் எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? அவகிட்டச் சொல்லுங்க."

நாகம்மை கதவுக்குப் பின்னால் இருந்தாள். பாதி முகம்தான் தெரிந்தது. நான் தரையில் உட்கார்ந்து, நடந்ததை அவளிடம் சொன்னேன். பாட்டை நான் சொல்லிக் கொடுத்தேன், அப்பாவிடம் இல்லை என்று பொய் சொன்னேன், அடி எனக்கு விழ வேண்டியது, தம்பிக்குக் காய்ச்சல் வந்தது பாட்டால் அல்ல. கடைசியைச் சொன்னபோது அத்தையின் முகத்தைத்தான் அவள் பார்த்தாள். அத்தை ஒன்றும் பேசவில்லை. நாகம்மை கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

மன்னித்தாளா என்று அவளிடம் நான் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நம் மனம் ஆறுவதற்காக ஒரு பிள்ளையிடம் அதைக் கேட்பது, இன்னொரு சுமையை ஏற்றுவதுதான்.

குழந்தைக்குக் காய்ச்சல் மெல்ல இறங்கியது. அடுத்த வாரம் நாகம்மை வந்தாள். ஆறுமுகம் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "பாட்டு வேண்டாம் சாரே."

அன்று காலை எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, நாகம்மை உண்மைதான் சொன்னாள், பொய் சொன்னது நான் என்று சொன்னேன். சாகுல் கேட்டான்: "அப்பம் ஒங்களுக்கு அடி உண்டா சாரே?"

டீச்சரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க, என்ன தண்டனை?" என்றேன்.

பெரிய ஆலோசனை நடந்தது. அடிக்கலாம் என்றது ஒரு கட்சி. "சாரு பெரிய ஆளு, கை எட்டாது" என்றது இன்னொரு கட்சி. கடைசியில் பெஞ்சின் மேல் ஏற்றுவது என்று முடிவானது. ஏறி நின்றேன். மணி அடிக்கும்வரை இறங்கக் கூடாது என்று சாகுல் காவலுக்கு நின்றான். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். சின்ன வகுப்பில் நெடுநாளைக்குப் பிறகு பேச்சுச் சத்தம் கேட்டது. நாகம்மை சிரிக்கவில்லை. ஆனால் நான் நிற்பதை நிமிர்ந்து பார்த்தாள்.

பாட்டு வேண்டாம் என்றாகிவிட்டது. தாளத்தை விட வேண்டியதில்லையே என்று தோன்றியது. ஆறுமுகத்தின் முற்றத்தில் மாறி மாறி விழுந்த உலக்கைகள் என் நினைவில் இருந்தன. ஒருத்தியின் உலக்கை ஏறும்போது மற்றவளின் உலக்கை இறங்கும். தென்னை மட்டைகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டச் சொன்னேன். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, மணலில் இடிக்க வேண்டும். ஒருத்தி 'அ' என்று ஓர் இடி. எதிரில் இருப்பவள் 'ஆ' என்று இரண்டு இடி. மெட்டே கிடையாது. யாருடைய கோவிலுக்கும் யாருடைய சாவுக்கும் சொந்தமில்லாத சத்தம்.

நாகம்மைக்கு எதிரில் சாகுலை உட்கார வைத்தேன். அவள் முறை வரும்போது இடி விழுந்தது, எழுத்து வரவில்லை.

"சாரே, இவ சொல்லல்ல!"

"இடிச்சாள்ல. அது போதும். நீ அடுத்ததைச் சொல்லு."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் சுற்றுக்குச் சுற்று முறை மாறினாலும் 'இ'க்கு ஒன்று, 'ஈ'க்கு இரண்டு, 'ஏ'க்கு இரண்டு என்று இடிகள் தவறாமல் விழுந்தன. 'ஐ' வந்தபோது வகுப்பில் பாதிப்பேர் ஓர் இடியோடு நிறுத்திவிட்டார்கள். அவள் இரண்டாவதையும் போட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிகிறது என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிகிறது என்பது அவளுக்கும் தெரிந்தது. பேசாத பிள்ளைக்குக் கையில் ஒரு பதிலைக் கொடுங்கள். குரலைக் கேட்டு அவசரப்படுத்தாதீர்கள். டீச்சரம்மா ஒருமுறை கேட்டார், "எப்பம்தான் சாரே பேசுவா?" என்று. எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இருக்கவில்லை.

வேறொரு வழக்கத்தையும் அந்தக் காலத்தில்தான் தொடங்கினேன். பாட்டுக்கு மறுபடி சம்மதம் கிடைக்கும் நாளை நினைத்து, எந்த மெட்டை வகுப்புக்குக் கொண்டுபோவதாக இருந்தாலும் முதலில் பிள்ளைகளின் வீடுகளில் பாடிக் காட்டி, "இதைக் கேட்டால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது?" என்று கேட்பேன். பல நல்ல மெட்டுகளை இழந்தேன். அம்மன் கோவில் கொடைவிழாவில் சாமி வருகிற நேரத்து மெட்டு என்று ஒன்றை வேண்டாம் என்றார்கள். சாகுலின் வாப்பா, "இது எதிர்க்கடைக்காரன் சாமான் கூவி விக்கிற மெட்டு, வேற எடும்" என்றார். சபையின் மூப்பர் ஒருவர், நான் கொண்டுபோன எல்லாவற்றையும் வேண்டாம் என்றார். வீட்டு வாசலில் நின்று பாடுகிற தலைமை ஆசிரியரைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரித்துவிட்டு, பிள்ளைகளை அனுப்பி வைத்தது.

மாதங்கள் போயின. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் நாகம்மையின் தாயும் அத்தையும் கொட்டாரத்து வைத்தியரிடம் குழந்தையைக் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் பள்ளி இறவாரத்தில் ஒதுங்கினார்கள். குழந்தை தேறியிருந்தான். கன்னம் உப்பியிருந்தது. கஷாயம் குடித்த கோபத்தில் அலறிக்கொண்டிருந்தான். அத்தை தோளில் போட்டுத் தட்டினாள், நிற்கவில்லை. தாய் வாங்கினாள், நிற்கவில்லை. உள்ளே மட்டைகள் இடித்துக்கொண்டிருந்தன.

சாகுல் 'எ' என்று சொல்லி ஓர் இடி இடித்தான். எதிரே இடி விழவில்லை. நாகம்மை மட்டையை மணலில் வைத்துவிட்டு எழுந்திருந்தாள். நடந்து போய்ச் சுவரைத் தாண்டித் தாயின் முன்னால் நின்றாள். குழந்தையைத் தொடவில்லை. பிறகு கையை நீட்டி அவன் முதுகில் ஒரு தட்டு. பிறகு இரண்டு தட்டு. அந்தத் தட்டுகளுக்கு மேலே ஒரு குரல் ஏறியது. கரகரப்பான, பழக்கம் விட்டுப்போன குரல். எழுத்துகள்தான். ஆனால் மெட்டோடு.

வகுப்பில் எல்லா மட்டைகளும் நின்றுவிட்டன.

அத்தை அவள் தோளைப் பிடித்தாள். "ஏட்டி, நில்லு. இது ஆரு படிப்பிச்சுத் தந்தது?"

நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். என்ன நடந்தாலும் அது என் பொறுப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அந்த மெட்டை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

நாகம்மை என் பக்கம் திரும்பவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "நானாக்கும்."

"நீயா?"

"நானே போட்டேன். தம்பிக்கு."

"எங்க, பாடு பாப்போம்."

அவள் பாடினாள். அத்தை கண்ணை இடுக்கிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டாள். இது எந்தச் சாவில் கேட்டது, எந்தக் கொடையில் கேட்டது, எந்தக் கோவிலில் கேட்டது என்று தன் ஆயுசு முழுவதையும் அவள் தேடிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நாகம்மையின் தாய் மூச்சுவிடவில்லை. நானும்தான். குழந்தை மட்டும் அழுகையை விட்டுவிட்டு அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அத்தை தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பாடு மக்கா. பையப் பாடு, அவன் ஒறங்கட்டு."

நாகம்மை மறுபடி ஆரம்பித்தாள். குழந்தையின் கண்கள் மெல்லச் சொருகின. உள்ளே சாகுல் மட்டையை எடுத்து, மணலில் பட்டும் படாமலும் ஓர் இடி வைத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். குழந்தை விழித்துவிடக் கூடாது என்று அத்தனை பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தமே வராமல் தாளம் போட்டார்கள்.